கரடி கபாப்: கலரை நம்பினால் என்ன ஆகும்?

மொட்டை மாடியில் க்ரில் போடுறவங்க கொஞ்சம் கவனிங்க. கறி வெந்துடுச்சான்னு எப்படிப் பார்ப்பீங்க? ஒரு துண்டை வெட்டி, கலர் மாறியிருந்தா ஓகே, அவ்வளவுதானே? நானும் அப்படித்தான் காடை சுட்டுட்டு இருந்தேன், இந்தக் கதையைப் படிக்கிற வரைக்கும். அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2024 மே மாசம் வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கு.

2022 மே மாசம், கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தோட வடக்கே ஒரு கருங்கரடியை வேட்டையாடுறாங்க. ஃப்ரீசரில் வெச்சா ஒட்டுண்ணி செத்துடும்னு நம்பி, கறியை 45 நாள் வீட்டு ஃப்ரீசரில் வைக்கிறாங்க. அப்புறம் சவுத் டகோட்டாவில் குடும்பமா ஒண்ணு கூடுறாங்க. அந்தக் கறியைக் காய்கறியோட சேர்த்து க்ரில் பண்ணி, கபாப் பரிமாறுறாங்க.

பிரச்சினை எங்கே வந்துச்சுன்னா, கரடிக்கறி இயல்பாவே கருஞ்சிவப்பு. வெந்ததா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியலை. சில பேர் சாப்பிட்ட பிறகுதான் உள்ளே சரியா வேகலைன்னு கவனிச்சு, திரும்ப அடுப்பில் போட்டாங்க.

கொஞ்ச நாளில் 29 வயசு இளைஞர் ஒருத்தருக்குக் காய்ச்சல், கடுமையான தசைவலி, கண்ணைச் சுத்தி வீக்கம். கிட்டத்தட்ட என் வயசு. காரணம் ட்ரைக்கினெல்லாங்கிற புழு. இதில் சில வகைகள் உறைபனியையும் தாங்கும். மொத்தம் 6 பேருக்கு நோய், 3 பேர் ஆஸ்பத்திரியில். அந்த 6 பேரில் 2 பேர் கறியைத் தொடவே இல்லை, கூட வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவங்க. நல்லவேளையா எல்லாரும் குணமாயிட்டாங்க.

நம்ம பாஷையில் சொன்னா, ஃப்ரீசர், கண் பார்வைன்னு ரெண்டு டெஸ்ட் வெச்சிருந்தாங்க. ரெண்டும் பாஸ் ஆச்சு. ஆனா சரிபார்க்க வேண்டிய விஷயத்தை ரெண்டுமே சரிபார்க்கலை.

சரி, புகை போட்டா? புகை, உப்பு, காய வைக்கிறது, இது எதையும் மட்டும் நம்பி இந்தப் புழு செத்துடும்னு சொல்ல முடியாது. கலரும் ரெண்டு பக்கமும் ஏமாத்தும். புகையில் இருக்கிற வாயுக்கள் கறியில் இருக்கிற மயோகுளோபினோட சேர்ந்தா, நல்லா வெந்த கறியோட ஓரம்கூட ரோஸ் கலரில்தான் இருக்கும்.

அப்போ என்ன வழி? ஒரு கறி தெர்மாமீட்டர். எலும்பைத் தொடாம, கறியோட தடிப்பான இடத்தில் குத்திப் பாருங்க. காட்டு விலங்குக் கறிக்கும் சரி, கோழி, காடைக்கும் சரி, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரணும். பச்சைக் கறி வெச்ச தட்டில் வெந்ததை வைக்காதீங்க. காய்கறியைத் தனிக் கம்பியில் சுடுங்க. இன்னொரு லாபமும் இருக்கு. காட்டு விலங்குக் கறியில் கொழுப்பு கம்மி, ரொம்ப நேரம் விட்டா ரப்பர் மாதிரி ஆயிடும். 74 வந்ததும் இறக்கிடலாம்.

முக்கியமா, இதைக் கேட்டுட்டு யாரும் காட்டுக்குக் கிளம்பிடாதீங்க! இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். பண்ணைக் காடை, வாத்து நமக்குப் போதும்.

அடுத்த வாரம் மாடியில் அடுப்பு மூட்டும்போது, கரியோட சேர்த்து தெர்மாமீட்டரையும் எடுத்து வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!