நாஞ்சில் நாட்டில் மருமகனுக்குப் போன சொத்து

'மருமக்கள்வழி'ன்னு கேள்விப்பட்டதும் நம்மில் பல பேர், 'ஓ, தாய்வழிச் சமூகம், அப்போ பெண்கள் கையிலதான் அதிகாரம்'னு நினைச்சுக்குவோம். நானும் அப்படித்தான் நினைச்சேன், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதின 'மருமக்கள்வழி மான்மியம்' படிக்கிற வரைக்கும்.

நாஞ்சில் நாடு, அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம், அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே வேளாளர்களில் ஒரு பிரிவினருக்கு மருமக்கள்வழிதான் வழக்கம். ஒருத்தர் இறந்தா சொத்து மனைவி, பிள்ளைகளுக்குப் போகாது. அவருடைய சகோதரியின் மகன்களுக்குப் போகும். (இங்கே 'மருமகன்'னா மகளோட கணவன் இல்ல, அக்கா தங்கச்சி மகன்.) நிர்வாகம் பண்றவர் 'காரணவர்', குடும்பத்தின் மூத்த ஆண்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. நாயர் பெண் பெரும்பாலும் கல்யாணத்துக்கு அப்புறமும் தன் தறவாட்டிலேயே இருப்பாள். நாஞ்சில் நாட்டிலோ மனைவி புருஷன் வீட்டுக்கு வந்துடணும். சமைச்சு, பெத்து, வளர்த்து, வயல் வேலையும் பார்த்த வீடு, அவர் கண்ணை மூடினதும் அவளுடையது இல்ல. 'உகந்துடைமை'ன்னு பிள்ளைகளுக்கு ஒரு பங்கு உண்டு. அதுவும் மிஞ்சிப்போனா நாலில் ஒண்ணு. அதை வாங்கவும் கோர்ட்டுக்கு நடக்கணும்.

கவிமணி தேரூர்க்காரர், அதே சமூகம். கதை சொல்ல அவர் தேர்ந்தெடுத்தது ஒரு காரணவருடைய ஐந்தாம் மனைவியை. சிரிக்கச் சிரிக்கப் படிப்போம், அப்புறம் வயிற்றைப் பிசையும்.

கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1925-26இல், திருவிதாங்கூர் 'நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம்' கொண்டுவந்தது. மருமகனுக்கு முன்னால மனைவியும் பிள்ளைகளும் வந்து நின்னாங்க. அந்தக் கவிதையாலதான் சட்டமே வந்துச்சுன்னு ஊர்ல சொல்வாங்க. எனக்கு அது கொஞ்சம் மிகையாத்தான் படுது. ஆனா கோர்ட்டுக்குள்ள கிடந்த பேச்சைத் திண்ணைக்குக் கொண்டுவந்தது அது, சந்தேகமே இல்ல.

சரி, மகள்? 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவுல இந்த நாஞ்சில்நாட்டுச் சட்டத்தின் பெயர்கூட இருக்கு! அதே வருஷம் நவம்பர் 1இல் குமரி சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. அப்பாவின் தனிச் சொத்துல மகளுக்கும் பங்கு கிடைச்சது. பூர்வீகக் கூட்டுச் சொத்துல பிறப்பால் வரும் உரிமை மட்டும் மகனுக்கே.

அதை மாத்தினது தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம், 1989 மார்ச் 25 முதல். ஆனா அதுக்கு முன்னாடி கல்யாணமான பெண்ணுக்குக் கிடையாது. ஒரே வீட்டுல மார்ச்சுல கல்யாணமான அக்காவுக்கு இல்ல, ஜூன்ல கல்யாணமான தங்கச்சிக்கு உண்டு! 2005இல் வந்த மத்தியச் சட்டம்தான் இந்தக் கல்யாணத் தேதிக் கணக்கை எடுத்துச்சு. அப்பா அந்தத் தேதியில் உயிரோட இருந்திருக்கணும்னு அவசியமில்லைன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஆகஸ்ட்ல.

இவ்வளவுக்கு அப்புறமும் அண்ணன்மார் ஒரு காகிதம் நீட்டுவாங்க. 'சும்மா ஒரு கையெழுத்து, உனக்குத்தான் நகை போட்டாச்சே'ம்பாங்க. பங்கை விட்டுக்கொடுக்கிற அந்தக் காகிதத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பேர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்.