ஜிஜாபாயும் ஆம்பூர்த் தங்கைகளும்

ஷிப்ட் முடிந்த கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தங்கைகளே,

இந்துத் தேசியச் சிந்தனை பெண்ணின் உயர்வைப் பற்றி என்ன சொல்கிறது என்று பேச அழைத்தீர்கள். அந்த அணியில் ஆண்கள் பேசியதும் எழுதியதும் நிறைய. நான் ஒரு பெண்மணியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் பெயர் லட்சுமிபாய் கேல்கர். 1905-இல் நாக்பூரில் பிறந்தவர். வர்தாவில் ஒரு வக்கீலுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டார். 1932-இல் கணவர் போய்விட்டார். கையில் பிள்ளைகள், வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்தக் காலத்து மகாராஷ்டிர பிராமணக் குடும்பத்தில் ஒரு விதவை எப்படி வாழ வேண்டும் என்று ஊர் எழுதி வைத்திருந்ததோ, அந்த ஏட்டை அவர் மூடி வைத்தார்.

பையன்களுக்கு ஆர்.எஸ்.எஸ். கொடுக்கும் பயிற்சியைப் பெண்களுக்கும் கொடுங்கள் என்று அதைத் தொடங்கிய டாக்டர் ஹெட்கேவாரிடமே போய்க் கேட்டார். சங்கத்துக்குள் பெண்களுக்கு இடமில்லை, வேண்டுமானால் தனியாக ஒன்று தொடங்குங்கள் என்று பதில் வந்தது. தொடங்கினார். 1936 விஜயதசமி அன்று, வர்தாவில், ராஷ்டிர சேவிகா சமிதி. முக்காடு போட்ட பெண்களின் கையில் சிலம்பக் கம்பைக் கொடுத்தார். 1947 ஆகஸ்ட்டில், நாடு இரண்டாகப் பிளந்து ரத்தம் ஓடிய நாட்களில், அங்கிருந்த சமிதிப் பெண்களைப் பார்ப்பதற்காகக் கராச்சிக்கே போய்வந்தார். அவருடைய கொள்கை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தத் துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பெண்கள் தங்களுக்கென்று ஓர் இடத்தில் நித்தம் கூட வேண்டும், உடம்பில் வலு வேண்டும், பயம் போக வேண்டும் என்று அவர் கண்டது உண்மை.

அவர் பெண்களுக்கு முன்னால் மூன்று பேரை நிறுத்தினார். தாய்மைக்குச் சிவாஜியின் அன்னை ஜிஜாபாய். செயல்திறனுக்கு அகல்யாபாய் ஹோல்கர். தலைமைக்கு ஜான்சி ராணி. மூன்று பேருமே வணங்கத்தக்கவர்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள், முதலில் நிற்பவள் தாய். மகனைப் பெற்று, வளர்த்து, நாட்டுக்குக் கொடுப்பவள். அவளுடைய ஆற்றல் வீட்டுக்கும் தேசத்துக்கும் பயன்பட வேண்டும். அவளுக்கு என்ன கிடைக்கும்? மரியாதை கிடைக்கும். அதற்கு மேல் அந்தச் சிந்தனை பேசவில்லை.

தங்கைகளே, மரியாதையை வைத்து ஆம்பூரில் ஒரு கிலோ அரிசி வாங்க முடியுமா?

நம் ஊரில் தாய் என்றைக்கு வீட்டோடு இருந்தாள்? தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோரம் நின்ற பாட்டிகளின் பேத்திகள் நாம். தோலைத் தொட்டவர்களை ஊருக்கு வெளியே வைத்த சமூகம் இது. அந்தத் தோல்தான் ஷூவாகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. இன்றைக்கு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் முழுக்கப் பெண்கள். லைனுக்கு மேலே நிற்கும் சூப்பர்வைசர் பெரும்பாலும் ஆண். இன்னொரு பக்கம், கம்பெனி வாசலையே மிதிக்காமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறார்களே, நம் அக்காமார்கள், அவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஊசி குத்திக் குத்தி விரல் மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாய்கூடத் தேறாத கூலியை வாங்கியவர்கள் அவர்கள். பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. வீட்டில் இருந்தபடியே தைப்பவரும் தொழிலாளிதான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இலேயே உடன்படிக்கை எழுதியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தைக்கும் அந்த அக்காவைவிடப் பெரிய தாயை எந்தப் புராணத்தில் காட்டுவீர்கள்? அவளுக்கு வேண்டியது ஆரத்தியா, அட்டையில் தன் பெயர் போட்ட கூலிக் கணக்கா?

தாய்மையை மதிக்கிறோம் என்பவர்களிடம் நான் மூன்றே மூன்றைத்தான் கேட்பேன். கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா? பெண்கள் பலர் வேலை செய்யும் இடத்தில் அது வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே எழுதியிருந்தது. மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் சொன்ன 26 வார விடுப்பைச் சம்பளத்தோடு முழுசாகக் கொடுக்கிறார்களா? விடுப்பு முடிந்து வரும் பெண்ணுக்கு அதே மெஷின், அதே கூலி உண்டா?

சொத்துக்கு வருகிறேன். பெண்ணுக்குச் சொத்தும் மணவிலக்கும் கேட்டு அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, 1949-இல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் கூட்டம் போட்டு எதிர்த்தது ஆர்.எஸ்.எஸ். காங்கிரசுக்குள்ளும் எதிர்த்தவர்கள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மசோதா முடங்கியது, 1951-இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். அன்னையே தெய்வம் என்றவர்கள், அந்த அன்னைக்கு அரைக் காணி நிலம் என்றதும் குடும்பம் உடையும் என்றார்கள். நம் பக்கம் 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை தீர்மானம் போட்டாயிற்று. 1989-இல் தமிழ்நாட்டில் அது சட்டமானது. நாடு முழுக்க வர 2005 ஆனது. எந்தக் குடும்பமும் அதனால் தெருவுக்கு வந்துவிடவில்லை.

இன்னொன்று. வர்தாவில் சமிதி பிறந்த 1936-இல், நம் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் பெண்கள் பதினெட்டு ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே படித்து வெளியே வந்தவள் தன் கையெழுத்துக்கு மதிப்புள்ளவள். யாருக்குத் தாய், யாருக்கு மனைவி என்பதெல்லாம் அப்புறம்.

கேல்கர் அம்மையாரின் தேசம் இந்துக்களின் தேசம். நம் லைனுக்கு அந்த எல்லை ஒத்துவராது. புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்காரும் தங்கைக்கும், மல்லிகைப் பூ வைத்த தங்கைக்கும், ஞாயிறு தேவாலயம் போகும் தங்கைக்கும் ஒரே டார்கெட், ஒரே திட்டு, ஒரே சம்பள நாள். ஒருத்தியைத் தள்ளிவிட்டு மற்றவள் கூலி உயராது.

அகல்யாபாயை மட்டும் நான் விடமாட்டேன். அவரைக் கோயில் கட்டிய புண்ணியவதியாக மட்டும் காட்டுகிறார்கள். 1767-லிருந்து 1795 வரை மாளவத்தின் கஜானாவும் வழக்குகளும் அவர் கையில்தான் இருந்தன. மகேஷ்வரில் நெசவாளர்களைக் குடியேற்றித் தொழிலை வளர்த்தார். அந்த அகல்யாபாயைக் கொண்டுவாருங்கள். லைனில் பத்து வருஷம் தைத்தவள் சூப்பர்வைசர் ஆகட்டும், பஞ்சாயத்தில் ஐம்பது சதவீத இடஒதுக்கீட்டில் ஜெயித்தவள் கணவனைக் கேட்காமல் கையெழுத்துப் போடட்டும்.

கூடுவது என்ற பாடத்தை மட்டும் கேல்கர் அம்மையாரிடம் வாங்கிக்கொள்வோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு கம்பெனியிலும் பாலியல் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவில் யார் யார் என்று நாளைக் காலை கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். திண்ணையில் அப்பர் தைக்கும் அக்காவின் ஜோடிக் கூலி எவ்வளவு என்பதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். அதைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த தங்கை அடுத்துப் பேசக் காத்திருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுக்கிறேன்.