விடுவதா, தொடர்வதா?

(பங்கு இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



அமெரிக்காவில் இளங்கலை படிக்கும் நம் பங்குப் பெண்ணொருத்தி தொலைபேசியில் அழுதாள்: "ஃபாதர், கால்குலஸ் புரியவேயில்லை, விட்டுவிடட்டுமா?" அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

அங்கே பெரும்பாலான கல்லூரிகளில், பருவத் தொடக்கத்தில் குறித்த நாளுக்குள் ஒரு பாடத்தை விட்டால் மதிப்பெண் பட்டியலில் சுவடே இராது. பிந்தி விட்டால் 'டபிள்யூ' என்ற எழுத்து ஏறும், சராசரி குறையாது. தோல்வியுற்றாலோ சராசரியே சரியும். ஆகவே விடுவது அவமானமன்று.

எனினும் மாணவர் விசாவில் இளங்கலை படிப்போருக்குப் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். முன் அனுமதியின்றிக் குறைத்தால் அங்கே தங்கும் தகுதியே போய்விடும். அவள் எடுத்திருந்தது 16, இப்பாடம் 4. விட்டாலும் 12 நிற்கும்.

"பேராசிரியரைப் பார்த்தாயா மகளே?"

"வெட்கமாயிருக்கிறது, ஃபாதர்."

குருமடத்தில் கிரேக்கம் எனக்கும் ஏறவில்லை. மூன்று மாதம் மறைத்தேன். ஆசிரியரிடம் சொன்ன பிறகே வழி பிறந்தது. அதைச் சொல்லி, "முதலில் அவரைக் கேள், பிறகு கடைசி நாளுக்குள் முடிவெடு" என்றேன். கேட்டாள். அடிப்படை போதவில்லை என்றார் அவர். பாடத்தை விட்டாள், அடுத்த பருவம் அடிப்படையிலிருந்து தொடங்குகிறாள்.

பெற்றோரே, பாடத்தை விட்ட பிள்ளை தோற்கவில்லை. நமக்கஞ்சிப் பிள்ளை வாய்மூடினால், தோற்றவர்கள் நாமே.