தை பிறந்தும் வாடாத தோட்டம்

(மஞ்சக்குட்டையில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சென்ற தையில் வீட்டுத்தோட்டத்திற்கென்று அவரை, தக்காளி விதை கொடுத்தோம். தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்கவில்லை. கரண்ட் இல்லாத மேட்டு வீட்டில் மோட்டார் ஏது? ஒரு சகோதரி ஊற்றிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்தார். மாசியில் எல்லாம் கருகிவிட்டது. வீணானது நீங்கள் கொடுத்த ஸதகா பணம். அவருடைய இடுப்பு வலி தனிக் கணக்கு.

நம் மலையில் மார்கழியோடு மழை ஓய்கிறது. காபியைப் பூக்க வைக்கும் மழைக்குப் பங்குனி, சித்திரை ஆகும். இடைப்பட்ட மூன்று மாதந்தான் சிக்கல். அப்போதுதான் காய்க்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போகிறோம்.

இதற்கு மண்பானையே போதும். 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. மெருகு பூசாத பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் செடி வையுங்கள். தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் கொசு வளரும். மண் காய்ந்தால் நீர் கசியும், ஈரமாக இருந்தால் கசிவு குறையும். வேருக்குப் போக வேண்டியது வெயிலுக்குப் போகாது. குழம்பு வைத்த பழைய சட்டி வேண்டாம். எண்ணெய் ஏறி அதன் துளைகள் அடைத்திருக்கும்.

பாத்திமேல் சில்வர் ஓக் சருகை நான்கு விரல் கனம் பரப்புங்கள். எஸ்டேட் ஓரமெல்லாம் கிடக்கிறது, சீக்கிரம் மட்காது. தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், அழுகும்.

தண்ணீருக்கு இன்னொரு வழி பள்ளிவாசலிலேயே இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில் உளூ செய்தார்கள். நாம் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும், ஜும்ஆவுக்கு நூறு பேர் வந்தால் 200 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. சோப்பு கலக்காத நீர் அது. சரிவில் ஒரு தொட்டி கட்டினால் கீழ்வீட்டுத் தோட்டங்களுக்குத் தானாக இறங்கும். மேட்டு வீடுகளுக்கு இது ஏறாது; அவர்களுக்குக் கூரை மழைநீர்தான். முப்பது சதுர மீட்டர் தகரத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 300 லிட்டர்.

இம்முறை விதையை ஐப்பசியிலேயே தருகிறோம், பானையோடு. மழை இருக்கும்போதே செடி வேர் பிடிக்கட்டும். தொட்டி வேலைக்கு ஞாயிறு காலை ஆள் வேண்டும். கடப்பாரை இருப்பவர்கள் இன்ஷா அல்லாஹ் கையோடு கொண்டு வாருங்கள்.