துஆவும் வேண்டும், மனுவும் வேண்டும்

 

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃபிராங்க் ஜான்சன் என்றொரு நீதிபதி இருந்தார். வெள்ளையர்; நம் மார்க்கத்தவர் அல்லர். 1955-ல் மாண்ட்கோமரி நகரின் மத்திய அரசு விசாரணை நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார்.

அந்நகரப் பேருந்துகளில் கறுப்பின மக்கள் பின்னால்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். மக்கள் பேருந்தைப் புறக்கணித்து மாதக்கணக்கில் நடந்தார்கள். நடந்ததோடு நிற்கவில்லை, நான்கு பெண்கள் வழக்கும் தொடுத்தார்கள். 1956 ஜூனில் மூவர் அமர்வில் ஜான்சனும் இன்னொரு நீதிபதியும் அச்சட்டம் செல்லாது என்றார்கள்.

1965-ல் செல்மாவிலிருந்து வாக்குரிமைப் பேரணி. முதலில் தடை விதித்தார், இரு தரப்புச் சாட்சியங்களையும் கேட்டார், பிறகு அனுமதித்தார். அவர் வீட்டருகே சிலுவையை எரித்தார்கள். 1967-ல் அவருடைய தாயார் வீட்டில் குண்டு வைத்தார்கள். தாயார் தப்பினார்; மகனும் அசையவில்லை. 1999-ல் மறைந்தார்.

இளைஞர்களே! வணிகப் பெருமக்களே! நீதிபதி எவ்வளவு நேர்மையாளராயினும் வழக்கு வந்தால்தானே தீர்ப்பு? அநீதி நேர்ந்தால் டீக்கடையில் புலம்பிவிட்டுக் கலைகிறோமே, அது போதுமா? ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனுவுக்கு நகல் வையுங்கள். சாட்சி சொல்ல அஞ்சாதீர்கள். அல்லாஹ்விடம் கையேந்துங்கள்; அதே கையால் மனுவும் எழுதுங்கள்.