கடைசியாகச் சாப்பிடுவது யார்?

(பாளையங்கோட்டையில் மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே ஆற்றிய உரை)



முதல்ல ஒரு கேள்வி. நேத்து ராத்திரி உங்க வீட்டுல கடைசியா சாப்பிட்டது யாரு? சிரிக்கிறீங்க. பதில் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களுக்குப் பரிமாறி முடித்து, மிஞ்சிய சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிடுவது பெரும்பாலும் அம்மாதான். சட்டியில் கீரையோ, மீன் துண்டோ அதற்குள் தீர்ந்திருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் தேவை. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது.

"வயிறு நிறைய சாப்பிடுதேனே" என்று நீங்கள் கேட்கலாம். வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு.

சோற்றில் பெரும்பகுதி மாவுச்சத்து. வாயில் உமிழ்நீர் பட்டதுமே அது செரிக்கத் தொடங்கி, சிறுகுடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. வேலை செய்யத் தெம்பு தருவது அதுதான். பருப்பு, முட்டை, மீனில் உள்ள புரதம் இரைப்பையில் செரிக்கத் தொடங்குகிறது. அது உடலைக் கட்டுகிறது. எண்ணெயில் இருப்பது கொழுப்பு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்போ 9 கலோரி தரும். அதனால்தான் எண்ணெயில் அளவு வேண்டும்.

வைட்டமின்களும் தாதுக்களும் கொஞ்சமே போதும். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லையென்றால் உடம்பு ஓடாது. இரும்புச்சத்து குறைந்தால், இரத்தம் போதிய பிராணவாயுவைச் சுமக்காது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். நாமோ "வயசாயிட்டு" என்று விட்டுவிடுகிறோம்.

கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்தைக் குடல் எளிதில் உறிஞ்சாது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாக உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் தடைபடும். ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க.

நம்ம ஊர் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சும்மா வந்ததில்லை. அரிசியில் குறைவாக உள்ள புரதக் கூறு உளுந்தில் இருக்கிறது. உளுந்தில் குறைவானது அரிசியில் இருக்கிறது. வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த ஆச்சிமார்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

ரேஷன் அரிசியில் சில மணிகள் வித்தியாசமாக இருக்கலாம், கழுவும்போது மிதக்கலாம். "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிய வேண்டாம். அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி அது.

1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்த ஊர் நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. பிள்ளைகளின் பசியைப் போக்க வேண்டும் என்பது அன்றைய கவலை. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பின்னர் முட்டை, 2022-இல் காலை உணவு என்று பிள்ளைகளின் தட்டு வளர்ந்திருக்கிறது. அம்மாவின் தட்டும் வளர வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு அளவு 12-க்குக் குறைந்தால் இரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீங்க. மலம் கறுப்பாகப் போகும். பயந்து பாதியில் நிறுத்தாதீங்க. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யலாம்.

இன்னைக்கு ராத்திரி கீரையோ குழம்போ பரிமாறும்போது, உங்க பங்கை முதல்லயே ஒரு கிண்ணத்துல எடுத்து வைங்க. முடிஞ்சா எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்க.