காற்றில் கூடுவது கொழுந்துக்கு மட்டுமா?



1958இல் பத்து இலட்சம் பங்கு காற்றில் காபனீரொட்சைட்டு சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இலைக்கு அதுதான் சாப்பாடு. "அப்படியானால் கொழுந்து கூடும், கிலோவைக் கூட்டலாம்" என்று யாரும் கணக்குக் காட்டலாம்.

நாம் மலையைக் காட்டுவோம். மானாப்புல்லுக்கு இதனால் பெரிய லாபமில்லை. ஆனால் தேயிலைமேல் ஏறும் கொடிக்கும் அதே சாப்பாடுதான். அது தண்டைத் தடிக்க வைப்பதில்லை. நீண்டு படர்ந்து செடியை மூடிவிடும். அதே வாயு சூட்டையும் கூட்டுகிறது. வரட்சியில் கொழுந்து வராது.

துப்புரவு செய்யாத மலையில் நமது அக்கா தங்கச்சிமார் கொடியை விலக்கித்தான் கொழுந்தெடுக்கிறார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர்.

ஆகவே ஒன்றாகக் கேட்போம்: முதலில் மலையைத் துப்புரவாக்குங்கள், பிறகு கிலோவைப் பேசுங்கள்.